அடிக்கடி நிமோனியாவா? ஜன்னல் பக்கம் கொஞ்சம் பாருங்கள்!

நிமோனியா என்ற பெயரைக் கேட்டாலே வீட்டில் உள்ளவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். காய்ச்சல், குளிர் நடுக்கம், இருமல், மூச்சு இரைப்பு... டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கிறார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். அதில் வெள்ளையாகத் திட்டு தெரிகிறது. 'நிமோனியா, அட்மிட் பண்ணிடுங்க' என்கிறார். ஊசி, மாத்திரை, டிரிப்ஸ் எல்லாம் ஏறுகிறது. ஐந்தாறு நாளில் நோயாளி எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். வீட்டுக்குத் திரும்புகிறார்.

பெரும்பாலானவர்களுக்குக் கதை இத்துடன் சுபமாக முடிந்துவிடும். ஆனால் சிலருக்கு மட்டும் முடிவதில்லை. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே மறுபடி அதே குளிர், அதே இருமல், அதே இரைப்பு. மறுபடி ஆஸ்பத்திரி. அங்கே போனதும் குணம். வீட்டுக்கு வந்தால் ஜுரம். 'என்ன செய்வினையோ, வீட்டு வாஸ்து சரியில்லையோ' என்று ஜோசியரைத் தேடிப் போகிறவர்களும் உண்டு.

வாஸ்துவைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அவர்கள் நினைப்பதில் ஓர் உண்மை இருக்கலாம். அந்த 'ஏதோ' பால்கனியில் உட்கார்ந்து 'கும், கும்' என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கலாம்!

நிமோனியா மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும் இந்த அபூர்வ நுரையீரல் வியாதிக்கு 'ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ்' என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். 'ஒவ்வாமை நுரையீரல் அழற்சி' என்று தமிழில் சொல்லலாம். பெயரில் கவனியுங்கள். அது நிமோனியா, இது நிமோனைட்டிஸ். பெயரில் கடைசி எழுத்துகள்தான் வேறு. வைத்தியத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சித்த மருத்துவர் எக்ஸ்ரேயைப் பற்றியும் ஸ்கேனைப் பற்றியும் எழுதுகிறாரே என்று சிலர் நினைக்கலாம். நாள்பட்ட இருமல்காரர்கள் எல்லா இடமும் பார்த்துவிட்டு, ஒரு பை நிறைய எக்ஸ்ரேயோடு எங்களிடமும் வருகிறார்கள். இவர்களில் யாருக்கு ஆடாதோடைக் குடிநீர் போதும், யாரை அன்றைக்கே நுரையீரல் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கும் தெரிந்திருந்தால் நல்லது.

இது என்ன வியாதி?

நாம் இழுக்கும் மூச்சு மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் எல்லாம் தாண்டிக் கடைசியில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றறைகளுக்குப் போகிறது. திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும் இந்த அறைகளில்தான் ரத்தம் பிராணவாயுவை வாங்கிக்கொள்கிறது.

நிமோனியாவில் கிருமிகள் இந்த அறைகளுக்குள் புகுந்து பெருகுகின்றன. அறைகளில் சீழும் நீரும் நிரம்புகிறது. கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகிறது.

நாம் சொல்லும் நிமோனைட்டிஸில் கிருமி பெருகுவதில்லை. பறவையின் எச்சம், இறகுத் தூள், ஈரத்தில் வளரும் பூஞ்சைக் காளானின் துகள் ஆகியவை காற்றோடு காற்றறைக்குள் போய்ச் சேருகின்றன. கண்ணுக்கே தெரியாத நுண்ணிய தூள் இது. பெரும்பாலோர் உடம்பு இதைக் கண்டுகொள்வதில்லை. சிலர் உடம்பு மட்டும் 'எதிரி வந்துவிட்டான்' என்று படையெடுக்கிறது. போர் நடக்கும் இடம் காற்றறைகளின் சுவர். சுவர் வீங்கித் தடித்துப்போகிறது. எதிரி தினமும் வந்தால் போரும் தினமும் நடக்கும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இப்படி நடந்தால் புண் ஆறிய தோல் தழும்பாவதுபோல நுரையீரலும் தழும்பாகி இறுகிவிடுகிறது. இறுகிய பகுதி திரும்பவும் மிருதுவாகாது.

அலர்ஜி என்றதும் தும்மல், மூக்கில் நீர், தோலில் தடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இது வேறு வகை. 'அலர்ஜி மாத்திரை' என்று கடையில் வாங்கிப் போடுகிற செட்ரிசின் இதற்கு வேலை செய்யாது.

எப்படி ஏமாற்றுகிறது?

சந்தேகப்படும் தூள் நிறைய உள்ளே போன 4 முதல் 8 மணி நேரத்தில் குளிர் காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல், மூச்சு இரைப்பு, நெஞ்சில் இறுக்கம் எல்லாம் ஆரம்பிக்கும். ரத்தம் சோதித்தால் வெள்ளை அணுக்கள் கூடியிருக்கும். எக்ஸ்ரேயில் திட்டு தெரியலாம். யார் பார்த்தாலும் நிமோனியா என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்வதில் தவறும் இல்லை. நிமோனியாதான் சாதாரணம். இது அபூர்வம்.

ஏமாற்று வேலை அதற்கு மேல்தான். நோயாளி ஆஸ்பத்திரியில் சேர்கிறார். அங்கே அந்தத் தூள் இல்லை. தூளை விட்டு விலகினால் இந்தக் காய்ச்சல் 1, 2 நாளில் தானாகவே தணிய ஆரம்பிக்கும். அதே சமயம் ஆன்டிபயாடிக்கும் ஏறுகிறது. எல்லோரும் என்ன நினைப்பார்கள்? மருந்து கேட்டது என்றுதானே நினைப்பார்கள்! உண்மையில் குணப்படுத்தியது இடமாற்றம். பெயர் தட்டிக்கொண்டு போனது மருந்து.

வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டில் இருந்தபடி நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. ஆனாலும் சில அடையாளங்கள் உண்டு.

சளி: சாதாரண நிமோனியாவில் மஞ்சள், பச்சை அல்லது துரு நிறத்தில் சளி வருவது வழக்கம். இதில் பெரும்பாலும் வறட்டு இருமல்தான்.

பக்கம்: சாதாரண நிமோனியா அநேகமாக நுரையீரலின் ஒரு பகுதியைப் பிடிக்கும். மூச்சை இழுத்தால் அந்தப் பக்கம் குத்தும். இது இரண்டு பக்கமும் பரவலாக இருக்கும்.

நேரம்: நிமோனியாவுக்கு நாள் கிழமை தெரியாது. இது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்த சில மணி நேரம் கழித்து வரும். புறாக்கூண்டு சுத்தம் செய்த நாள், கூலரைப் போட்ட ராத்திரி என்று ஒரு கணக்கு இருக்கும்.

இடம்: நிமோனியாக்காரர் வெளியூர் போனாலும் நிமோனியா கூடவே போகும். இந்த நோய்க்காரர் இடத்தை விட்டு விலகினால் தேறுவார். திரும்பி வந்தால் விழுவார்.

எண்ணிக்கை: ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரே வருடத்தில் 2, 3 தடவை நிமோனியா வருவது இயல்பு அல்ல. காரணம் தேடித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. அதுதான் அதிக ஆபத்து. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூள் உள்ளே போகிறவர்களுக்குக் காய்ச்சலே வராது. 'வயசாகுது, மாடி ஏற முடியல' என்று மூச்சு மெல்ல மெல்லக் குறையும். வறட்டு இருமல் மாதக்கணக்கில் நீடிக்கும். எடை குறையும். சிலருக்கு விரல் நுனி பருத்து, நகம் கிளிமூக்கு மாதிரி வளையும். முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால், ஸ்கூல் பையின் வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கிற மாதிரி சரசரவென்று சத்தம் கேட்கும். வயதின் மேல் பழி போட்டுவிட்டு இவர்கள் பல வருடம் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

ஊர்த் தண்ணி ஒத்துக்குதாம்!

என்னிடம் வந்த ஓர் அம்மாளுக்கு வயது 48. அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஒன்றரை வருடத்தில் மூன்று முறை நிமோனியா என்று அட்மிட் ஆகியிருக்கிறார். நடுவில் இருமலும் இரைப்பும் விடவில்லை. 'லேகியம் ஏதாவது குடுங்க' என்று வந்தார்.

சித்த மருத்துவத்தில் நாடி, நா, நிறம், மொழி, விழி, ஸ்பரிசம், மலம், மூத்திரம் என்று எட்டு வகையில் நோயாளியைத் தேர்வு செய்யச் சொல்லித் தருவார்கள். அத்துடன் நோயாளி வாழும் நிலம், பருவகாலம், தொழில் எல்லாம் கேட்கச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் கேட்டேன்.

"வெளியூர் போனா எப்படிம்மா இருக்கும்?"

"திருச்சிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனா நல்லாயிருக்கேன் டாக்டர். அந்த ஊர்த் தண்ணி எனக்கு ஒத்துக்குது போல."

"காய்ச்சல் எந்த நாள்ல வரும்?"

யோசித்தார். "சனிக்கிழமை ராத்திரிதான் அநேகமா."

"சனிக்கிழமை என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லையே... காலையில புறாவுக்கு தானியம் வைப்பேன், அது தினமும்தான். சனிக்கிழமை மத்தியானம் பால்கனியெல்லாம் பெருக்கித் தள்ளுவேன். எச்சம் அவ்வளவு காஞ்சு கிடக்கும்!"

தண்ணீரை நினைத்தவர் காற்றை நினைக்கவில்லை. லேகியம் கொடுக்காமல் நுரையீரல் நிபுணருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஸ்கேனும் மற்ற சோதனைகளும் சந்தேகத்தை உறுதி செய்தன. அவர் மகன் பால்கனிக்கு வலை அடித்தார். அதன் பிறகு அவருக்கு 'நிமோனியா' வரவில்லை. ஆனால் மாடிப்படியை இன்னமும் நின்று நின்றுதான் ஏறுகிறார். நுரையீரலில் ஒரு பகுதி அதற்குள் தழும்பாகிவிட்டது. ஒரு வருடம் முன்னால் யாராவது சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டிருந்தால் இவ்வளவு சேதம் வந்திராது.

புறா மட்டும்தானா?

இல்லை. இந்த நோய்க்கு நீண்ட சரித்திரம் உண்டு. இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற மருத்துவர் 1700-களின் தொடக்கத்திலேயே தானியம் சலிக்கும் தொழிலாளிகளுக்கு வரும் மூச்சுக் கோளாறைப் பற்றி எழுதினார். 1932-ல் இங்கிலாந்தில் கேம்பெல் என்ற டாக்டர், ஈரத்தில் மக்கிய வைக்கோலைக் கையாண்ட விவசாயிகளுக்கு வந்த நோயை விவரித்தார். 'விவசாயி நுரையீரல்' என்று அதற்குப் பெயர் வந்தது. கரும்புச் சக்கையில் வளரும் கிருமித் தூளால் வருவது 'பகாசோசிஸ்'. புறா வளர்ப்பவர்களுக்கு இது வருவதை அமெரிக்க மருத்துவர்கள் 1965-ல் எழுதினார்கள்.

வேடிக்கையான, ஆனால் வருத்தமான ஒன்றும் சொல்கிறேன். இங்கிலாந்தில் 61 வயதான ஒருவர் தினமும் பேக்பைப் வாத்தியம் ஊதி வந்தார். வருடக்கணக்கில் இருமலும் இரைப்பும். மூன்று மாதம் ஆஸ்திரேலியா போனார். வாத்தியத்தைக் கொண்டுபோகவில்லை. நோய் வேகமாகத் தணிந்தது! பிறகு வாத்தியத்தைச் சோதித்தபோது ஈரமான பைக்குள் பலவகைக் காளான்கள் இருந்தன. காரணம் தெரிய வந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. 2016-ல் இது மருத்துவப் பத்திரிகையில் வெளியானது. இங்கும் துப்பு கொடுத்தது இடமாற்றம்தான்.

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். காற்றறைச் சுவர்கள் தடிக்கும் வியாதிகளைப் பற்றி 2012 முதல் 2015 வரை 19 இந்திய நகரங்களில், 27 மருத்துவ மையங்களில், 1,084 நோயாளிகளிடம் ஆய்வு நடந்தது. 2017-ல் வெளியான முடிவின்படி அவர்களில் 47 சதவீதம் பேருக்கு நாம் பேசும் இந்த நோய்தான். அந்த 47 சதவீதத்திலும் ஏறக்குறையப் பாதிப் பேர் ஏர்கூலர் காற்றில் இருந்தவர்கள்! கூலரின் தட்டிகள் எப்போதும் ஈரமாகவே இருக்கும். சுத்தம் செய்யாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஃபேன் அந்தப் பூஞ்சைத் தூளை நேராக முகத்தில் அடிக்கும்.

ஆகவே சந்தேகப்பட வேண்டியவை: புறா, கிளி, லவ் பேர்ட்ஸ், கோழிப் பண்ணை, இறகு அடைத்த தலையணை, சுத்தம் செய்யாத ஏர்கூலர், மழைக்குப் பிறகு பூஞ்சை பிடித்த சுவர், மக்கிய வைக்கோல், தானியக் கிடங்கு, காளான் வளர்ப்புக் கூடம். சில தொழிற்சாலைகளில் பெயிண்ட்டிலும் ஃபோமிலும் கலக்கும் ரசாயனங்களும் உண்டு.

நோட்டுப் புத்தகம் ஒன்று எடுங்கள்

டாக்டருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். ஒரு நோட்டில் நாலு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் தேதி. இரண்டாவதில் எத்தனை மணிக்குக் குளிர், இருமல், இரைப்பு ஆரம்பித்தது, காய்ச்சல் எத்தனை டிகிரி என்ற விவரம். மூன்றாவதில் அதற்கு முந்தின 8 மணி நேரம் எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள். நாலாவதில் எந்த நாளில், எந்த இடத்தில் தேறினீர்கள்.

நாலைந்து வாரம் எழுதினால் போதும். கணக்கு தானாகப் பேசும். வேலை பார்க்கும் இடத்தில் தொல்லை இருந்தால் லீவு நாட்களில் தேறியிருப்பீர்கள். வீட்டில் இருந்தால் ஊருக்குப் போன நாட்களில் தேறியிருப்பீர்கள். ஆனால் தழும்பு விழுந்துவிட்டவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரியாமலும் போகலாம். அதனால் நோட்டில் கணக்கு தெரியவில்லை என்பதற்காக டாக்டரிடம் போகாமல் இருக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. 'புறாதான் காரணமா பார்த்துடலாம்' என்று வேண்டுமென்றே போய்க் கூட்டிப் பெருக்கிப் பார்க்கும் பரீட்சை வேண்டவே வேண்டாம். மூச்சு நின்று போகும் அளவுக்குக் கொண்டுபோய் விடலாம்.

என்ன சோதனை செய்வார்கள்?

எக்ஸ்ரே மட்டும் போதாது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருப்பதுபோலக் கூடத் தெரியும். அதனால் நெஞ்சுக்கு நுட்பமான சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கல், சின்னச் சின்னப் புள்ளிகள், தழும்பு எல்லாம் அதில் தெரியும். பனிக்கண்ணாடி மங்கல் கொரோனாவிலும் வரும் என்பது 2020-க்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆகவே ஸ்கேன் ஒன்றை வைத்தே தீர்ப்பு சொல்ல மாட்டார்கள்.

குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலின் கொள்ளளவைப் பார்ப்பார்கள். பிராணவாயு ரத்தத்துக்குள் எவ்வளவு கடக்கிறது என்றும் அளப்பார்கள். ரத்தத்தில் புறா, பூஞ்சை போன்றவற்றுக்கு எதிரணு இருக்கிறதா என்று பார்க்கலாம். எதிரணு இருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. புறா வளர்க்கும் ஆரோக்கியமான பலருக்கும் அது இருக்கும். மெல்லிய குழாயை மூச்சுக்குழலுக்குள் விட்டு, நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் லிம்போசைட் அணுக்களை எண்ணுவார்கள். சந்தேகம் தீராவிட்டால் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

இவ்வளவும் செய்வது இன்னொரு காரணத்துக்காகவும்தான். டி.பி., இதயப் பலவீனத்தால் நுரையீரலில் நீர் கோத்தல், யானைக்கால் புழுவினால் வரும் 'ஈசினோபிலியா' இரைப்பு எல்லாம் ஏறக்குறைய இதே வேஷத்தில் வரும். யானைக்கால் நோய் இருக்கும் பகுதிகளில் இந்த ஈசினோபிலியா இன்றும் மறக்கக் கூடாத ஒன்று. அதில் ராத்திரியில் இருமல் அதிகம். ரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் மிக அதிகமாக ஏறும். அதற்குத் தனி மருந்து உண்டு. சளியில் டி.பி. கிருமி தெரியாமலே மாதக்கணக்கில் டி.பி. மருந்து சாப்பிட்டுத் தேறாதவர்கள், 'வேறு ஏதாவதாக இருக்குமா?' என்று டாக்டரைக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் டாக்டர் சொல்லாமல் டி.பி. மருந்தை நிறுத்துவது பெரிய தப்பு.

சிகிச்சை: முதல் மருந்து விலகுவதுதான்

காரணத்தை விட்டு விலகாமல் எந்த மருந்து சாப்பிட்டாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். சீக்கிரம் கண்டுபிடித்து விலகினால் பலருக்கு நுரையீரல் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. தேவைப்பட்டால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். நன்றாகக் கேட்கும். 'கேட்டுவிட்டதே' என்று புறாவை வைத்துக்கொண்டே மாத்திரையைத் தொடர்ந்தால் தழும்பு உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே போகும். தழும்பு கூடிக்கொண்டே போகிறவர்களுக்கு நின்டெடானிப் போன்ற புதிய மருந்துகள் அதன் வேகத்தைக் குறைக்கின்றன. இருக்கும் தழும்பை அவை அழிப்பதில்லை.

ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. 'சித்த மருந்து ஆரம்பிச்சாச்சு, இனி இங்கிலீஷ் மருந்து எதுக்கு?' என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்!

ஆடாதோடை, தூதுவளை, திப்பிலி, அதிமதுரம் எல்லாம் இருமலுக்கும் கோழைக்கும் எங்கள் கையிருப்பு. சாதாரண இருமலுக்கு இதமானவை. ஆனால் புறாத் தூளினால் தடித்த காற்றறையை இவை சரி செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். துணையாக எதைச் சாப்பிட்டாலும் இரண்டு டாக்டருக்கும் தெரிந்தே சாப்பிடுங்கள். யாரோ சொன்னார்கள் என்று பஸ்பம், செந்தூரம் வாங்கிப் போட வேண்டாம். சாம்பிராணி, மூலிகைப் புகை, கொசுவர்த்தி, பீடி, சிகரெட் எதுவும் இவர்கள் இருக்கும் அறையில் கூடாது.

பக்கவாதக்காரருக்குப் புறாவின் இறகுக் காற்று பட்டால் நல்லது என்று சிலர் வீட்டிலேயே புறா வளர்க்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவரின் நுரையீரலுக்குப் புதிய தொல்லை வரும் வழி மட்டும் திறக்கிறது.

சுத்தம் செய்யும் முறை

நோயாளி இந்த வேலையைச் செய்யவே கூடாது. செய்கிறபோது வீட்டிலும் இருக்கக் கூடாது. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, ஈரத்தோடு சுரண்டி எடுங்கள். என்-95 மாஸ்க்கும் கையுறையும் அவசியம். பிறகு வலை அடியுங்கள். திரைச்சீலை, மெத்தை விரிப்பு, ஏ.சி. வெளி யூனிட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். பறவை போன பிறகும் அதன் தூள் மாதக்கணக்கில் வீட்டில் தங்கும். கூலர் இருந்தால் தண்ணீரை அடிக்கடி மாற்றி, தட்டிகளைக் கழுவிக் காய வைக்க வேண்டும். நோயாளி இருக்கும் வீட்டில் கூலரே வேண்டாம்.

புறாவுக்குத் தானியம் போடுவது புண்ணியம் என்று நினைப்பவர்கள் நிறைய. 2025-ல் மும்பையில் புறாத் தீனி மையங்களை மாநகராட்சி மூடியபோது எதிர்ப்பு எழுந்து, விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனது. யார் மனதையும் புண்படுத்துவது என் நோக்கமல்ல. புண்ணியம் வேண்டுமானால் பசித்த மனிதருக்கு ஒரு வேளை சோறு போடுங்கள். அதுவும் புண்ணியம்தானே! புறாவைக் கொல்ல வேண்டியதில்லை. படுக்கையறை ஜன்னலில் குடிவைக்காமல் இருந்தால் போதும்.

வழக்கமாக வரும் சந்தேகங்கள்

வீட்டில் நாலு பேர் இருக்கிறோம். ஒருவருக்கு மட்டும் ஏன்?

ஒரே இறால் குழம்பை நாலு பேர் சாப்பிட்டு ஒருவருக்கு மட்டும் தடிப்பு வருவதில்லையா? அது போலத்தான். பரம்பரை வாகும் ஒரு காரணம். தூளை அதிகம் சுவாசிக்கும் நபருக்கு ஆபத்து அதிகம். நம் வீடுகளில் பெருக்கித் துடைப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இது தொத்து வியாதியா?

இல்லை. நோயாளியோடு சேர்ந்து சாப்பிடலாம், படுக்கலாம். பயம் வேண்டாம்.

குழந்தைகளுக்கு வருமா?

அபூர்வமாக வரும். அப்படி வரும்போது பறவைகளே முக்கியக் காரணம். அடிக்கடி இருமல், எடை ஏறாமை, விளையாட்டில் சீக்கிரம் களைப்பு இருந்தால் கவனியுங்கள்.

கோயில் கோபுரத்தில் புறா இருக்கிறதே, போகலாமா?

ஆரோக்கியமானவர்கள் தாராளமாகப் போகலாம். நோய் உறுதியானவர்கள் புறாக்கள் மொய்க்கும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

உடனே ஓட வேண்டியது எப்போது?

இதைப் படித்துவிட்டு, காய்ச்சலும் இருமலும் வந்தால் 'இது புறாதான்' என்று நீங்களே முடிவு கட்டி ஆன்டிபயாடிக்கை ஒதுக்கிவிடாதீர்கள். நிமோனியா உயிருக்கே ஆபத்தானது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருக்கும். அதில் 94-க்குக் கீழே காட்டினாலும், மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலும், உதடு நீலம் பாரித்தாலும், பேச்சு குழறினாலும், சளியில் ரத்தம் வந்தாலும் நோட்டுப் புத்தகத்தைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதல் தடவை நிமோனியா என்றால் டாக்டர் சொல்கிறபடி மருந்து சாப்பிடுங்கள். இரண்டாவது தடவை வந்தால், 'ஏன் திரும்ப வருகிறது?' என்று கேளுங்கள். மூன்றாவது தடவை என்றால் நுரையீரல் நிபுணரைப் பார்க்காமல் விடாதீர்கள். போகும்போது பழைய எக்ஸ்ரேக்களோடு மறக்காமல் இதையும் சொல்லுங்கள்: "டாக்டர், எங்க வீட்டு பால்கனியில புறா இருக்கு."

அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.